கொக்கு மார்க் ஸ்பேனர்

சர்க்கரைக்காரர்களுக்கு இந்தப் பரிசோதனை தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நைலான் நரம்பு போன்ற ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவார்கள். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். போன மாதம் அடையாறில் நான் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் எனக்கும் அதைச் செய்தார்கள். செய்தது ஒரு சின்னப் பெண். "தெரியுதாம்மா?" என்றாள். "தெரியுது" என்றேன். "நான் இன்னும் தொடவே இல்லையேம்மா" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். நமக்கெல்லாம் வயது எத்தனை ஆனாலும் பரீட்சை என்றால் எப்படியாவது பாஸ் பண்ணிவிட வேண்டும் என்கிற புத்தி போகவில்லை, பாருங்கள். ஆனால் அந்தக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தபோது அப்பாவின் வலது கை ஞாபகத்துக்கு வந்தது. அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் அவரை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை. வேறு எதுவும்கூட வருவதில்லை. எழுதுவதற்கு இதுதான் சரியான நேரம் என்று தோன்றியது.

அப்பா கார் மெக்கானிக். மெக்கானிக் என்பது நான் சொல்வது. ஊரில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரில். ஒர்க்‌ஷாப் கோபாலபுரத்தில், ஒரு பழைய பங்களாவின் பின்புறத்து ஷெட்டில். அம்மாவின் தம்பியும் அவரோடு வேலை செய்தார். அவர் அப்பாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். ஷெட்டில் நின்று "மாமா" என்று கத்தினால் இரண்டு பேரும் திரும்புவார்கள். எனக்கு அது ஒரு விளையாட்டு.

அந்த ஷெட்டின் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஆணி அடித்து, அதைச் சுற்றி அதே உருவத்தை வெள்ளை பெயின்டால் வரைந்து வைத்திருந்தார் அப்பா. சாயங்காலம் எல்லாம் பலகைக்குத் திரும்பினால், வெள்ளைக்கோடு எதுவும் காலியாகத் தெரியாது. எந்த ஸ்பேனரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்பாவுடையது, மாமாவுடையது என்று அந்தப் பலகையில் எதுவும் கிடையாது. கிரீஸ் வாடை, பெட்ரோல் வாடை, கையைக் கழுவ வைத்திருக்கும் மண்ணெண்ணெய் டப்பாவின் வாடை எல்லாம் கலந்து, சனிக்கிழமை அங்கே போய் வந்தால் ஞாயிறு தலைக்குக் குளிக்கும்வரை என் பின்னலில் இருக்கும்.

ஸ்பேனர் வாங்குவது என்பது மெக்கானிக்குகளிடையே லேசான விஷயம் இல்லை. ஒருவர் பளபளப்பைப் பார்ப்பார். ஒருவர் கனத்தைப் பார்ப்பார். பாதிப் பேர், தாங்கள் தொழில் கற்ற இடத்தில் என்ன மார்க் இருந்ததோ அதைத்தான் சாகும்வரை வாங்குவார்கள், காரணம் கேட்டால் கோபம் வரும். டீக்கடையில் சினிமாக்காரர்களை வைத்துச் சண்டை போடுவதுபோல ஸ்பேனரை வைத்துச் சண்டை போடுவார்கள். அப்பா கொக்கு மார்க் கட்சி. ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கைத் தண்டில் பொறித்திருப்பார்கள். வெள்ளிபோல் பளபளக்கும்.

அப்பா அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வைத்திருந்தார். சாந்தோம், மயிலாப்பூர்ப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் கடல் காற்றில் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். ஸ்பேனர் ஒரு மயிரிழை தளர்வாக இருந்தாலும் போதும், நட்டின் மூலைகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடும். பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். "நட்டை புடிச்சா வுடக் கூடாது. கொக்கு மீனைப் புடிச்ச மாதிரி புடிக்கணும்" என்பார்.

கடையில் அவர் ஸ்பேனர் பார்க்கும் விதமே தனி. பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு டூல்ஸ் கடை. கடைக்காரர் உருது பேசும் பாய். தலையில் வலைக்குல்லாய், எப்போதும் வெற்றிலை. அப்பா ஸ்பேனரைக் கையில் வாங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டி, சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பார். கடைசியில் இறுக்கிப் பிடிப்பார். "கைல நிக்குது பாய், கட்டிக் குடு" என்பார். அவ்வளவுதான். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பாய் கொடுத்த கமர்கட்டைச் சப்பிக்கொண்டு, நானும் கண்ணை மூடிக்கொள்வேன்.

வாங்கி வந்ததும் அரத்தை எடுத்து அடையாளம் போடுவார். எல்லா மெக்கானிக்கும் தன் சாமானுக்கு ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். அப்பாவுடையது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு. தண்டின் ஓரத்தில், பிடித்தால் சுண்டுவிரல் போய் உட்காருகிற இடத்தில். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது, ஸ்பேனரின் எந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறோம் என்று பார்க்க முடியாது. சுண்டுவிரல் சொல்லிவிடும்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை அது. அந்தக் கோடையில்தான் அப்பாவின் கைக்குச் சூடு தெரியாமல் போனதை நாங்கள் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்றால் கொண்டாடினோம் என்று அர்த்தம். அம்மா சோறு வடிக்கப் பானையைப் பிடிக்கத் துணி தேடிக்கொண்டிருந்தாள். அப்பா வெறுங்கையால் தூக்கி வடித்துவிட்டார். "பாத்தியாடி, உங்கப்பாவுக்குக் கை தானா, இடுக்கியா?" என்றாள் அம்மா. நான் கை தட்டினேன். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, கொதிக்கும் டம்ளரை அப்பா பிடிப்பதைக் காட்டுவேன். ஒர்க்‌ஷாப்பிலும் அதே பேச்சு. இன்ஜினை நிறுத்திய கையோடு சைலென்சரைப் பிடிக்கிறார், ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறார். "மாமா கை இரும்புக் கை" என்று வண்டிக்காரர்களிடமெல்லாம் மாமா பெருமையடித்தார். தொழிலில் ஊறிய கை அப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் நம்பினோம்.

முழங்கைக்குக் கீழே ஒரு தேமல் இருந்தது. சுற்றிலும் லேசாகச் சிவந்து, நடுவில் வெளுத்து. மண்ணெண்ணெயில் கை கழுவுவதால் வந்தது என்று அம்மா தினமும் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். அப்பா கையை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். அரைத்த இலையின் பச்சை வாசனை வீடு முழுவதும் இருக்கும். அது எனக்குப் பிடித்த வாசனை.

பழைய செட் தேய்ந்துவிட்டது என்று அந்தச் சமயத்தில்தான் அப்பா புது கொக்கு செட் வாங்கினார். வாங்கிய வாரமே ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. ஒரு நட்டு மொழுக்கையானது. பிறகு இன்னொன்று. பிறகு சாந்தோம் வக்கீல் வீட்டு வண்டியில் ஒரே நாளில் பல நட்டு போனது. அப்பாவால் தாங்க முடியவில்லை. எத்தனையோ வருஷமாக நட்டைக் கெடுக்காத கை அது. ஷெட் முழுவதும் அந்தக் கையை நம்பித்தான் இருந்தது. "மால் கெட்டுப்போச்சு. கம்பெனிக்காரன் இரும்புல கைய வெச்சுட்டான்" என்றார்.

ஒரு தடவை ஸ்பேனர் நழுவி, கை போய் தகரத்தில் இடித்துச் சுண்டுவிரல் கிழிந்தது. ரத்தம் சொட்டுகிறது, அவர் பாட்டுக்கு வேலை செய்கிறார். மாமாதான் பார்த்துவிட்டு, "மாமா, ரத்தம் போய்க்கினு கீது. வலிக்கல?" என்றார். அப்பா கையைப் பார்த்தார். "பழகிப்போச்சு மச்சி" என்றார். கழிவுத் துணியால் துடைத்துக்கொண்டு, கொக்கைத் திட்டுவதைத் தொடர்ந்தார்.

செட்டை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். பாய் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அதுவும் சரியில்லை. மறுபடி மாற்றினார். அதுவும் சரியில்லை. வேறு மார்க்கெல்லாம் எடுத்துக் காட்டினார். அப்பா கண்ணை மூடி, பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் மேஜைமேல் போட்டார்.

"இன்னா பாய், தகரமா விக்கற? ஒண்ணும் கைல நிக்கல."

"மேஸ்திரி, அதே கம்பெனி, அதே பெட்டி. மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"மத்தவனுக்கு இன்னா தெரியும்? இந்தா, என் பழைய பதினாலு பதினஞ்சு சைஸ். இதைக் கைல வெச்சிக்கினு புதுசைப் புடிச்சுப் பாரு. அப்போ தெரியும் உனுக்கு." பழைய ஸ்பேனரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் பாயைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அந்த முறை கமர்கட் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாய் ஆள் அனுப்பினார். நல்ல மால் வந்திருக்கிறதாம். போனோம். பாய் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கிவைத்திருந்தார்.

"பம்பாய்லேர்ந்து உங்களுக்குன்னே வரவழைச்சேன் மேஸ்திரி. இதுவும் புடிக்கலேன்னா நான் கடைய மூடிடறேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். தூக்கிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். இறுக்கிப் பிடித்தார். சுண்டுவிரல் வந்து உட்கார்ந்த இடத்தை நான் பார்த்தேன். அங்கே இரண்டு வெட்டு இருந்தது. எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்து நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"சத்தம் பரவால்ல" என்றார் அப்பா. "ஆனா கைல நிக்கல பாய். டூப்ளிகேட். இது கொக்கு இல்ல, காக்கா."

பாய் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மேஸ்திரி, கண்ணைத் தொறந்து பாருங்க! உங்க சாமான்தான் அது! நீங்க வெச்சுட்டுப் போனீங்களே, பாலிஷ் போட்டேன். உங்க வெட்டுகூட..."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தவருக்கு ஏதோ தப்பாகிவிட்டது புரிந்தது. அப்பா வெட்டைப் பார்த்தார். வலது சுண்டுவிரலை அதன்மேல் வைத்துத் தேய்த்தார். ஸ்பேனரை இடது கைக்கு மாற்றித் தேய்த்தார். மறுபடி வலது கை. மறுபடி இடது. மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ரைட்டுல தெரியல பாய்" என்றார்.

பாய் எண்ணெய்க் காகிதத்தை எடுத்து மடித்தார். பிறகு, "டீ சொல்லட்டுமா மேஸ்திரி?" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மா, அப்பா இருவரும் போனார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரியாக முறுக்கி, "தொடும்போது சொல்லுங்க" என்றார். விரலில் தொட்டார். அப்பா பேசவில்லை. தேமலில் தொட்டார். பேசவில்லை. டாக்டர் கையை எடுத்து எதையோ எழுத ஆரம்பித்த பிறகு அப்பா, "ஆ, தொட்டுட்டீங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"தேமல்தானே டாக்டர்?" என்றாள் அம்மா. "கிரசின்ல கை கழுவுவாரு, அதான்."

பெருநோய், அதாவது தொழுநோய் என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மரத்துப்போனது மரத்துப்போனதுதான், உணர்ச்சி திரும்பி வருவது கஷ்டம் என்றார். அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் உச்சரிக்கவில்லை. "கை மரத்துப்போச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அம்மா அன்று ராத்திரி அம்மியைக் கழுவி நிமிர்த்தி வைத்தாள். குப்பைமேனி வாசனை அதோடு போயிற்று. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. பானை தூக்குவதை இனிமேல் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது என்பது மட்டும் தோன்றியது.

அப்பா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். இடது கையால் பழகப் பார்த்தார். வீட்டில் தனக்கென்று ஒரு டம்ளரை அவரே ஒதுக்கி வைத்துக்கொண்டார். அம்மா அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து வைப்பாள். மறுநாள் அவர் மறுபடி தேடி எடுத்து ஒதுக்கி வைப்பார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாமாவோடு பாய் கடைக்குப் போனேன். மாமா ஸ்பேனர் செட் வேண்டும் என்றார். பாய் கொக்குப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

"அது வாணாம் பாய். கொக்கு மாதிரி இல்லாம எதுனா கீதா?"

"கொக்கு மாதிரி இல்லாமன்னா?"

"பாத்தவுடனே வேறன்னு தெரியணும்."

பாய் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஜப்பான் செட் ஒன்றை எடுத்து வந்தார். பளபளப்பே இல்லாத கறுப்பு. மாமா தூக்கிப் பார்க்கவில்லை, சுண்டிப் பார்க்கவில்லை, கண்ணை மூடவில்லை. "இதான்" என்றார். அவ்வளவு சீக்கிரமாக ஒரு மெக்கானிக் ஸ்பேனர் வாங்கி நான் பார்த்ததில்லை.

அன்று சாப்பிடும்போது மாமா கறுப்பு ஸ்பேனரின் பெருமையை நிறுத்தாமல் சொன்னார். எண்ணெய் பட்டாலும் வழுக்காதாம். துரு ஏறாதாம். ஜப்பான்காரன் மூளையே மூளையாம். நான் அத்தனையும் நம்பினேன். கொக்கு மார்க்கின் காலம் முடிந்துவிட்டது, மாமா முன்னேறிவிட்டார் என்று நினைத்தேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல மால்தான் மச்சி" என்றார். எதற்காகக் கறுப்பு என்று அவர் அப்போதே புரிந்துகொண்டிருப்பார். எனக்குப் புரிய, கல்யாணமாகி, குழந்தை பெற்று, அந்தக் குழந்தையை யார் தூக்குவது, யார் தூக்கக் கூடாது என்று எனக்குள்ளும் ஒரு கணக்கு ஓடுகிறதைப் பார்க்க வேண்டியிருந்தது. மாமாவுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

பலகையின் பக்கத்தில் மாமா இன்னொரு பலகை அடித்தார். இதற்கு வெள்ளைக்கோடு வரையவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எல்லா வருஷமும் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெரிய தட்டில் குவித்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருஷம் இரண்டு தட்டு. வெள்ளைக் குவியலுக்கு அம்மா பொட்டு வைத்தாள். கறுப்புக் குவியலுக்கு மாமா வைத்தார். கறுப்பில் குங்குமம் எடுப்பாகத் தெரிந்தது, அழகாகக்கூட இருந்தது. பூசணிக்காய் உடைத்தோம். வழக்கம்போலப் பாய் வந்தார். அப்பா பொரியையும் கடலையையும் தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்து, பாயிடம் நீட்டச் சொன்னார். "ஏன் மேஸ்திரி, நீங்க குடுத்தா கசக்குமா?" என்றார் பாய். அப்பா வலது கையால் அள்ளிக் கொடுத்தார். விரல்கள் சேராமல் பாதிப் பொரி தரையில் சிந்திற்று. பாய் மீதியை நின்றபடியே தின்றார்.

அதற்குப் பிறகு அப்பா அதிக நாள் ஸ்பேனர் பிடிக்கவில்லை. மாத்திரை நோயை நிறுத்திற்று, டாக்டர் சொன்னது சரிதான். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மாமாவுக்கு வழி சொல்வார். வெள்ளைக்கோட்டுப் பலகையிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. எதுவும் எடுக்கப்படாததால் எப்போதும் நிறைந்தே இருந்தது.

கால் பரிசோதனை முடிந்த சில நாட்களில் நான் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனேன். கோபாலபுரத்து ஷெட்டை இடித்த பிறகு ஒர்க்‌ஷாப் அங்கே மாறிவிட்டது. இப்போது மாமாவின் மகன் நடத்துகிறான். எல்லாம் கம்ப்யூட்டர். சக்கரம் வைத்த சிவப்பு அலமாரியில் ஸ்பேனர்கள் தூங்குகின்றன. எந்த மார்க் வாங்குவது என்று போனில் நட்சத்திரங்களைப் பார்த்து முடிவு செய்கிறானாம். மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கண்ணில் புரை, காலில் வீக்கம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாவோட கொக்கு ஸ்பேனர் ஏதாவது இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"இல்லாம பூடுமா? அப்டியே வெச்சிக்கினு கீறேன்மா" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குரலில் அவ்வளவு பெருமை. "மாமா சாமானை இன்னிவரைக்கும் நானும் தொட்டதில்ல, ஒருத்தரையும் தொட வுட்டதில்ல."

மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது மரியாதையாக மாறியிருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போனது அவர் வீட்டிலிருந்துதான்.

பின்பக்கம் பழைய டயர்களுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. மாமா அதைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார். "நீயே எடுத்துக்கோம்மா."

மூடியைத் திறந்தேன். துருவும் பழைய கிரீஸும் கலந்த வாடை. பளபளப்பெல்லாம் போய்ப் பழுப்பேறிக் கிடந்தன. கொக்குகள் பாதி அழிந்திருந்தன. அந்தப் பதினாலு பதினஞ்சு ஸ்பேனர் பெட்டியின் அடியில் கிடந்தது. எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிப் பிடித்தேன். சுண்டுவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரு வெட்டு. பக்கத்தில் இன்னொன்று.

"தெரியுது" என்றேன்.

"இன்னாம்மா தெரியுது?" என்றார் மாமா, நின்ற இடத்திலிருந்தே.